கால் முந்தும், இரத்தம் பிந்தும்

கிளிமஞ்சாரோவின் உச்சிக்குப் போக மலையேற்றக் கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், பாறையில் ஆணி அடித்துத் தொங்க வேண்டாம். தான்சானியாவின் வடக்கில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மூன்று பாகைத் தொலைவில் நிற்கும் இந்த எரிமலையின் உயரம் 5,895 மீட்டர். ஆப்பிரிக்காவில் இதைவிட உயர்ந்த இடம் கிடையாது. அப்படியிருந்தும், நல்ல உடல்நலமும் நடக்கும் பழக்கமும் உள்ள எவரும் ஐந்தாறு நாளில் மேலே போய் நின்றுவிட்டு வரலாம் என்கிறார்கள். அது பொய்யில்லை. இந்த மலையின் ஆபத்தெல்லாம் அந்த உண்மைக்குள்ளேதான் இருக்கிறது.

கால்கள் ஏறும் வேகத்தில் இரத்தத்தால் ஏற முடியாது. செங்குத்தான மலைகள் காலை மறித்து, இரத்தத்துக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கின்றன. கிளிமஞ்சாரோ மறிப்பதில்லை. ஏன் மறிப்பதில்லை என்று கேட்டால், அது பிறந்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதி மெல்லக் கிழிந்துகொண்டிருக்கிறது. நிலத்தின் மேலோடு இழுபட்டு மெலிந்த இடங்களில் அடியிலுள்ள பாறைக்குழம்பு மேலேறி வருகிறது. அப்படி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஷிரா என்ற எரிமலை கக்கத் தொடங்கியது. அது அடங்கித் தன்மேலேயே இடிந்து விழுந்த பிறகு, சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மவென்சியும் கீபோவும் எழுந்தன. நாம் கிளிமஞ்சாரோ என்று ஒற்றைப் பெயரில் அழைப்பது இந்த மூன்று எரிமலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உருவான திரளை. மூன்றில் கீபோ மட்டுமே இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதன் உச்சியிலுள்ள ராய்ஷ் பள்ளத்தில் கந்தக வாடையோடு வாயு கசிகிறது.

இளகிய குழம்பு நெடுந்தொலைவு ஓடிப் பரந்த அடிவாரத்தைத் தரும். வாயருகே விழும் சாம்பலும் கற்களும் கூம்பைத் தரும். கீபோவில் இரண்டும் உண்டு. அதனால்தான் மழைக்காட்டிலிருந்து 4,000 மீட்டர் வரை தாளாத ஏற்றமே இல்லாமல் பாதை போகிறது. கூம்பின் கடைசி ஆயிரம் மீட்டர்தான் சரளைச் சரிவு. இமயம்போல ஆறும் பனியாறும் அரித்துக் கூராக்கிய முகடுகள் இங்கே இல்லை. அரிப்புக்கு இன்னும் நேரம் போதவில்லை. நேரம் போதியிருந்தால் என்னவாகும் என்பதைப் பக்கத்தில் நிற்கும் மவென்சியே காட்டுகிறது. முன்னதாகவே அடங்கிவிட்ட அந்த எரிமலையின் மென்மையான மேற்போர்வை கரைந்துபோய், உள்ளே இறுகிய பாறைச் சுவர்கள் மட்டும் பல்வரிசையாக எஞ்சியிருக்கின்றன. நெருப்புக் கங்கு கேட்டு ஓயாமல் வந்து தொல்லை கொடுத்த மவென்சியைக் கீபோ அடித்து நொறுக்கிவிட்டதாக அடிவாரத்துச் சாக்கா மக்களிடம் ஒரு கதை உண்டு. மவென்சியின் உயரம் 5,149 மீட்டர்தான். ஆனால் தேர்ந்த மலையேறிகளைத் தவிர யாரும் அங்கே போவதில்லை. அதைவிட எழுநூற்றுச் சொச்சம் மீட்டர் உயர்ந்த கீபோவுக்கோ ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் நடந்தே போகிறார்கள்.

இன்னொன்றும் சேர்கிறது. எரிமலை தனிமலை. சமவெளியிலிருந்து ஏறத்தாழ 4,900 மீட்டர் ஒரே மூச்சில் எழும்பி நிற்கிறது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு லுக்லாவிலிருந்து புறப்படுகிறவர் 2,860 மீட்டரிலிருந்து 5,364 மீட்டருக்கு ஏற வழக்கமாக எட்டு நாள் எடுத்துக்கொள்கிறார். நீண்ட பள்ளத்தாக்கு அவரை நடக்க வைத்தே தாமதப்படுத்துகிறது. கிளிமஞ்சாரோவின் மச்சாமே பாதையில் 1,800 மீட்டரிலுள்ள வாயிலிலிருந்து 5,895 மீட்டருக்குப் பலர் நான்கைந்து இரவுகளில் போய்விடுகிறார்கள். போகவர மொத்தத் தொலைவே அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

உயரே ஆக்சிஜன் குறைவு என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் கீபோவின் உச்சியிலும் ஒரே 20.9 சதவீதம்தான். குறைவது அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மி.மீ. பாதரச அளவுக்கு இருக்கும் காற்றழுத்தம் உச்சியில் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. மூக்கும் மூச்சுக்குழலும் உள்ளே வரும் காற்றை ஈரமாக்குகின்றன. அந்த நீராவி எந்த உயரத்திலும் 47 மி.மீ. அழுத்தத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். அந்தக் கழிவில் சலுகை கிடையாது. ஆக, நுரையீரலுக்குள் போய்ச் சேரும் ஆக்சிஜனின் அழுத்தம் பாதிக்கும் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது. இதிலும் கிளிமஞ்சாரோவுக்கு ஒரு நல்வாய்ப்பு: நிலநடுக்கோட்டின் மேல் வளிமண்டலம் வெப்பத்தால் தடித்து நிற்பதால், ஒரே உயரத்தில் துருவங்களுக்கு அருகே இருப்பதைவிட இங்கே அழுத்தம் கூடுதல். இதே மலை அலாஸ்காவில் இருந்திருந்தால் உச்சியில் மூச்சு இன்னும் திணறும்.

மச்சாமே பாதையில் முதல் நாள் முழுக்க மழைக்காடு. பாசி தொங்கும் மரங்கள், கருப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள், சேறு. மாலையில் முகாம் அடிக்கும் இடம் ஏறத்தாழ 3,000 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதை நினைத்தால், முதல் இரவிலேயே தமிழ் வாசகர் தன் ஊர்ப்பக்கத்து மலைகள் அனைத்துக்கும் மேலே படுத்திருக்கிறார். ஆனால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். காரணம் ஹீமோகுளோபினின் குணம். ஆக்சிஜன் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் அது தன் பிடியை எளிதில் விடாது. 97 சதவீதம் நிறைந்திருந்தது 90 பக்கம் வரும், அவ்வளவுதான். அதற்குக் கீழே போனால் கதை மாறுகிறது. அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பிடி சட்டென்று தளர்கிறது. முதல் மூவாயிரம் மீட்டர் தந்த தைரியத்தில் அடுத்த ஆயிரத்தை அளக்கக் கூடாது என்று வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் நாள் மரங்கள் குட்டையாகி, புதராகி, பழைய ஷிராவின் இடிந்த மேட்டுநிலத்தில் முடிகிறது. உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர். இந்தப் பயணத்தின் நடுப்புள்ளி மூன்றாம் நாள்தான். அன்று காலையில் புறப்பட்டு 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் என்ற பாறைத்தூண் வரை ஏறுகிறார்கள். எரிமலையின் தொண்டையில் உறைந்த குழம்பு அது; சுற்றியிருந்த மென்பாறை அரித்துப்போக, தான் மட்டும் நிற்கிறது. அங்கே மதியச் சாப்பாடு. பலருக்கு அங்கேதான் முதல் தலைவலி. சாப்பிட்டு முடித்து, ஏறியதில் ஏறத்தாழ 650 மீட்டரை அப்படியே இறங்கி பராங்கோ பள்ளத்தாக்கில் தூங்குகிறார்கள். நாள் முழுக்க நடந்து கூடியது வெறும் நூற்றைம்பது மீட்டர். வீண் அலைச்சல் என்று தோன்றும். நான் கேட்டால் இந்த நாளைத்தான் யாரும் குறைத்துக்கொள்ளக் கூடாது என்பேன்.

அன்று உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில், இருபுறமும், அரிசிமணி அளவில் ஒரு திசு இருக்கிறது. தன்னைக் கடந்துபோகும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து, மூச்சைக் கூட்டச் சொல்லி மூளைத்தண்டுக்குச் சொல்வது அதுதான். பெரிய தமனிகளில் இப்படியொரு உளவு நடப்பதைக் காட்டியதற்காக பெல்ஜியத்தின் கொர்னேய் ஹேமான்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். மூச்சு கூடினால் நுரையீரலில் ஆக்சிஜன் கூடும். நல்லதுதான். ஆனால் அதே மூச்சு கரியமில வாயுவையும் வாரி வெளியேற்றிவிடுகிறது. கரியமில வாயு இரத்தத்தில் அமிலமாக இருப்பது. அது குறைந்தால் இரத்தம் காரமாகும். மூளைத்தண்டின் மூச்சு மையம் காரத்தை விரும்பாது. போதும், மூச்சைக் குறை என்கிறது. கழுத்து கூட்டச் சொல்கிறது, மூளை குறைக்கச் சொல்கிறது. இந்த இழுபறியில் உடலுக்கு வேண்டிய மூச்சு முழுதாகக் கிடைப்பதில்லை.

தீர்த்துவைப்பது சிறுநீரகம். இரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருளை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேற்றி, இரத்தத்தின் அமில காரச் சமநிலையை மீட்கிறது. மீட்டபின் மூளைத்தண்டு தடையைத் தளர்த்துகிறது. மூச்சு இன்னும் ஆழமாகிறது. ஆனால் சிறுநீரகத்தை விரட்ட முடியாது. ஓர் உயரத்துக்கு இந்த வேலை முடிய இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதற்குள் அடுத்த உயரத்துக்குப் போய்விட்டால் கணக்கு மறுபடியும் பாக்கி. லாவா டவர் வரை ஏறியிறங்குவதன் பொருள் இதுதான்: பகலில் உயரத்தைக் காட்டி மூச்சையும் சிறுநீரகத்தையும் தூண்டிவிடுவது, இரவில் கீழே வந்து அவை வேலை செய்ய இடம் கொடுப்பது. கூடாரத்திலிருந்து இரவில் மூன்று நான்கு முறை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு வழிகாட்டிகள் அது நல்ல அடையாளம் என்று சொல்வார்கள். சரியான பதில்.

பலர் எடுத்துக்கொள்ளும் அசட்டசோலமைடு மாத்திரை, அதாவது டயமாக்ஸ், இதே சிறுநீரக வேலையைத்தான் முடுக்கிவிடுகிறது. விரல் நுனிகள் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அது நோயை மூடிமறைக்கும் மருந்து என்ற பேச்சு தவறு. உடல் செய்யப்போவதைச் சீக்கிரம் செய்ய வைக்கிறது. மருத்துவரைக் கேட்காமல், குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், எடுக்கக் கூடாது.

இரவில் பக்கத்துக் கூடாரத்தில் இன்னொன்றைக் கேட்கலாம். தூங்குகிறவரின் மூச்சு படிப்படியாக ஆழமாகி, பின் ஆழம் குறைந்து, பல வினாடிகள் நின்றே போகும். பிறகு ஒரு பெருமூச்சோடு மீண்டும் தொடங்கும். முதல்முறை கேட்பவருக்கு வயிற்றைப் பிசையும். மேலே சொன்ன இழுபறி தூக்கத்தில் போடும் தாளம் அது. கரியமில வாயு மிகக் குறைந்ததும் மூச்சு மையம் நிறுத்துகிறது. ஆக்சிஜன் விழுந்ததும் கழுத்துத் திசு உலுக்குகிறது. இந்த உயரத்தில் இது இயல்பு.

பரவலான ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. மலையில் இரத்தச் சிவப்பணுக்கள் பெருகித்தான் உடல் பழகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்சிஜன் குறைவைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்த வில்லியம் கெய்லின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் கிடைத்தபோது இந்த எண்ணம் இன்னும் பரவியது. சிவப்பணுவை உருவாக்கச் சொல்லும் எரித்ரோபொயட்டின் சில மணி நேரத்திலேயே கூடுகிறது என்பது உண்மை. ஆனால் புதிய அணுக்கள் கணிசமாகச் சேர வாரங்கள் ஆகும். ஏழு நாள் பயணத்தில் இரத்தம் கெட்டியாவது பெரும்பாலும் அதிலுள்ள நீர் குறைவதால். கீபோவின் உச்சிக்கு ஒருவரைக் கொண்டுபோவது மூச்சும் சிறுநீரகமும்தான்.

பராங்கோவில் கண்ணை எடுக்கவிடாத செடிகள் நிற்கின்றன. ராட்சத செனெசியோ மரங்கள் ஆளுயரத்தைத் தாண்டி, உலர்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்த்தியபடி இருக்கும். உறைபனி தண்டுக்குள் இருக்கும் நீரை அண்டாது. ராட்சத லொபீலியா இரவில் இலைகளைக் குவித்துக் குருத்தை மூடிக்கொள்கிறது. இலைக்கிண்ணத்தில் தேங்கிய நீர் மேலே உறையும்போது வெளிவிடும் வெப்பம் அடியிலிருக்கும் குருத்தை உறையாமல் காக்கிறது. இங்கே நாள்தோறும் பகல் கோடை, இரவு கடுங்குளிர். அந்தக் கணக்குக்குப் பழக இந்தச் செடிகளுக்கு எண்ணற்ற தலைமுறைகள் கிடைத்தன.

பூங்கா விதிப்படி உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் மேலே போக முடியாது. அந்த வழிகாட்டி வழியைக் காட்டுகிறார் என்பது சின்னச் செய்தி. பாதை தெளிவாகவே இருக்கிறது. அவர் உண்மையில் காவல் காப்பது நேரத்தை. ‘போலே போலே’ என்று சொல்லிக்கொண்டே முன்னால் அவர் வைக்கும் அடி, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். மெதுவாக என்பதுதான் அதன் பொருள். உழைப்பு குறைந்தால் தசை கேட்கும் ஆக்சிஜனும் குறையும். மாலையில் விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொள்கிறார். அந்த எண்ணைவிட நான் மதிப்பது அவருடைய மற்றக் கவனிப்புகளை: யார் தட்டில் சோறு மிச்சம், நேற்றுப் பாடியவர் இன்று ஏன் பேசவில்லை, யார் காலணி முடிச்சைப் போடத் தடுமாறுகிறார்.

தலைவலி, குமட்டல், சோர்வு இருந்தால் அது சாதாரண உயரநோய். கிளிமஞ்சாரோவில் செய்த ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது வந்திருக்கிறது. குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் ஒருவர் தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கசிகிறது. இந்த இரண்டிலும் காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் உடனே இறக்க வேண்டும்.

மூவாயிரம் மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்ட வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் வழிகாட்டுதல். கிளிமஞ்சாரோவின் குறுகிய பயணத் திட்டங்கள் இதை மதிப்பதில்லை. பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வசூலாவதால் ஒரு நாளைக் குறைத்தால் செலவு குறைகிறது; விளம்பரத்தில் ஐந்து நாள் பயணம் மலிவாகத் தெரிகிறது. பணத்தைக் காலணியில் மிச்சப்படுத்துங்கள், கூடாரத்தில் மிச்சப்படுத்துங்கள், நாளில் மிச்சப்படுத்தாதீர்கள்.

இதை அறிவியல் விளக்குவதற்கு முன்பே ஒருவர் செய்து காட்டினார். ஜெர்மானியரான ஹான்ஸ் மேயர் 1887-இல் வந்து பனிச்சுவரைத் தாண்ட முடியாமல் திரும்பினார். 1889-இல் ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லருடன் வந்தபோது வெவ்வேறு உயரங்களில் முகாம்கள் போட்டு, கீழிருந்து உணவு தொடர்ந்து வர ஏற்பாடு செய்தார். மேல் முகாமில் அவர்களோடு கடுங்குளிரில் தங்கியிருந்து பார்த்துக்கொண்டவர் பங்கானியைச் சேர்ந்த முவினி அமானி. பசிக்காகக் கீழே ஓட வேண்டிய நிலை இல்லாததால் உயரத்திலேயே பல நாள் இருக்க முடிந்தது. அக்டோபர் 3 அன்று எரிமலை வாயின் விளிம்பைத் தொட்டுக் களைத்துத் திரும்பினார்கள். இடையில் தங்கி, அக்டோபர் 6 அன்று உச்சியில் நின்றார்கள். பைகார்பனேட்டைப் பற்றி மேயருக்கு எதுவும் தெரியாது. முகாமும் உணவும் அவருடைய சிறுநீரகத்துக்கு நாள்களை வாங்கித் தந்தன.

மேயர் அன்று பனியில் படி வெட்டி வெட்டித்தான் ஏறினார். இன்று கடைசி முகாமான பராஃபுவிலிருந்து விளிம்புக்குப் போகும் பாதை ஒரு பனிப்பாளத்தையும் தொடுவதில்லை. 1912-இல் ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த பனி, 2011-இல் இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. அமெரிக்காவின் லோனி தாம்சன் குழு 2000-இல் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளின் அடிப்பகுதிக்கு ஏறத்தாழ 11,700 வயது என்று கணித்தது. அவ்வளவு பழைய பனி நம் தாத்தா காலத்திலிருந்து நம் காலத்துக்குள் கரைந்திருக்கிறது. உச்சியின் பனி உருகி வழிவது குறைவு. வறண்ட காற்றில் நேரே ஆவியாகிவிடுகிறது. மழையும் பனிப்பொழிவும் குறைந்ததும், உலகம் சூடாவதும் சேர்ந்து செய்த வேலை. இழப்பு எனக்கு வலிக்கிறது. மலையேறிக்கோ அதனால் இன்னொரு விளைவு: காலை மறித்துக்கொண்டிருந்த கடைசித் தடையும் போய்விட்டது.

பராஃபு 4,600 மீட்டருக்கு மேலுள்ள வெற்றுப் பாறைமேடு. அங்கிருந்து நள்ளிரவில் கிளம்புகிறார்கள். சரளைச் சரிவு குளிரில் இறுகியிருக்கும்போது கால் வழுக்காது. பகலில் அதே சரிவில் இரண்டடி வைத்தால் ஓரடி கீழே போகும். மதியத்துக்குமேல் மேகம் மூடும். இறங்குவதற்கு வெளிச்சம் வேண்டும். ஆனாலும் உடலைக் கேட்டால் இது மிக மோசமான நேரம்: தூக்கமில்லை, பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து பாகை குளிர், ஒரே இரவில் 1,200 மீட்டர் ஏற்றம். கீழே அத்தனை நாள் கவனமாகச் சேர்த்ததெல்லாம் இங்கே ஆறேழு மணி நேரத்தில் செலவாகிறது. நல்ல வழிகாட்டிகள் உச்சியில் நெடுநேரம் நிற்க விடுவதில்லை. ஸ்டெல்லா முனையில் விடிந்து, விளிம்போடு நடந்து, இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியான தங்கனீகா 1961-இல் விடுதலை பெற்றபோது உஹுரு என்று பெயர் சூட்டிய சிகரத்தில் படம் எடுத்துக்கொண்டதும் திருப்பிவிடுகிறார்கள். அந்த அவசரத்தைக் குறை சொல்லக் கூடாது.

இறங்குவதற்குக் கால அட்டவணை தேவையில்லை. உச்சியிலிருந்து அன்று மாலைக்குள் 3,100 மீட்டரிலுள்ள முவேகா முகாமுக்கு வந்துவிடுகிறார்கள். முழங்கால் கதறும், தலைவலி சில நூறு மீட்டர் இறங்கியதுமே விடைபெறத் தொடங்கும். உயரநோய்க்கு இதைவிடச் சிறந்த மருந்து இன்னும் வரவில்லை.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு பயணிக்கும் மூன்று நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கூடாரமும் சமையல் பாத்திரமும் அடுப்பு எரிவாயுவும் சுமையாள்கள் தலையிலும் தோளிலும் போகின்றன. ஒருவருக்கு 20 கிலோவுக்குமேல் கூடாது என்பது விதி. வாயிலில் எடை போடுகிறார்கள். மலைக்குப் பழகியவர்கள், அவர்களுக்கு உயரநோய் வராது என்று பயணிகள் எண்ணிக்கொள்வது தவறு. அவர்களில் பலர் 900 மீட்டர் உயரத்திலுள்ள மோஷி நகரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வாழ்கிறவர்கள். மலையில் உடல் சேர்த்த பழக்கம் கீழே வந்து சில நாள்களில் கரையத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் அடுத்த குழுவோடு கிளம்பினால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மார்ச்சிலிருந்து மே வரை பெருமழையில் பயணங்கள் குறைந்து வேலையில்லாமல் இருந்துவிட்டு, ஜூனில் முதல் குழுவோடு ஏறும் சுமையாளின் சிறுநீரகம், வெளிநாட்டிலிருந்து நேற்று வந்திறங்கியவருடைய சிறுநீரகம் தொடங்கும் அதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவர் தலையில் கூடுதலாக 20 கிலோ இருக்கிறது.